படலைக்கு உள்ளே ரீச்சர்

மேடம் சின்னப் பிள்ளைகளின் கதிரையில் இருந்தார். மஞ்சள் பெயின்ட் அடித்த, முழங்கால் உயரம்கூட இல்லாத கதிரை. பெரியவர்களுக்கென்று எங்கள் நேசறிப் பள்ளியில் இருந்த ஒரே கதிரைக்குக் கால் ஆடியதால் அதை அலுமாரிக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தோம். அவருடைய குடை மடியில் கிடந்தது. கையில் பேனை தயாராக இருந்தது.

பிள்ளைகள் பாயில் வட்டமாக இருந்தார்கள். சோளகக் காற்றுக் காலம். கடற்கரை மணலை அள்ளி அள்ளித் தகரக் கூரையில் போட்டுக்கொண்டிருந்தது காற்று. அந்தச் சத்தத்துக்கு மேலால் என் சத்தம் பின்னுக்கு இருக்கிற மேடத்துக்குக் கேட்க வேண்டும். கேட்டால் நான் முன்பள்ளி ஆசிரியை. கேட்காவிட்டால் கடைசிவரை மீன் வெட்டுகிறவள்தான். டிப்ளோமாவுக்காக என் பாடத்தைப் பார்த்துப் புள்ளி போடக் கல்வி அலுவலகத்தில் இருந்து வருகிறவர் அவர்; முதல்முறை வந்தபோது புள்ளி போடாமல் போய்விட்டார். இது இரண்டாவது முறை. மூன்றாவது என்று ஒன்று இல்லை.

"இனி வீட்டுச் செய்தி. ஆர் சொல்லப் போறீங்கள்?" என்று கேட்டேன்.

நாலைந்து கைகள் எழும்பின. அவற்றில் ஒன்று என் மகள் ஸ்ரெல்லாவின் கை. அவள் கை உயர்த்துகிற பிள்ளை அல்ல. பெயர் கூப்பிட்டாலே தலையைக் குனிந்துகொள்வாள். அன்றைக்குக் கையை உயர்த்தினதும் போதாமல் எழும்பியே நின்றுவிட்டாள்.

"ரீச்சர், நான் ஒரு செய்தி சொல்லட்டோ?"

பெற்ற பிள்ளை தாயை ரீச்சர் என்று கூப்பிடுவதில் எங்கள் நேசறியில் ஒருவருக்கும் புதினம் இல்லை. அது எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மனுசிகள்

எங்கள் பக்கத்தில் படிப்பிக்கிறவர்களின் பிள்ளை அதே வகுப்பில் இருந்தால், வகுப்பில் தாயை ரீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். பெரிய பள்ளிக்கூடங்களிலும் அப்படித்தான். மற்றப் பிள்ளைகளுக்கு மனம் நோகக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம்.

நான் நேசறியில் உதவிக்குச் சேர்ந்த முதல் நாட்களில் ஸ்ரெல்லா என் பாவாடையை விடவில்லை. நான் பாயை விரித்தால் பாயோடு வருவாள். தண்ணீர் அள்ளப் போனால் வாளியோடு வருவாள். நேசறியை நடத்திய பிலோமினா என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். அவள் ஒருநாள் ஸ்ரெல்லாவைத் தூக்கிக்கொண்டுபோய் வேலி வாசல் படலையடியில் நிறுத்தினாள்.

"இஞ்ச பாருங்கோ. இந்தப் படலைக்கு உள்ள வந்தா இவ ரீச்சர். அம்மா வீட்ட போயிட்டா. நேசறி முடிஞ்சு வெளியில வந்தா அம்மா வந்து நிப்பா. விளங்கிச்சோ?"

ஸ்ரெல்லா படலைக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். அங்கே ஒரு கழுதை மட்டும் நின்றது. பிறகு என்னைப் பார்த்தாள். "ஓம்" என்றாள்.

மற்ற ரீச்சர்மாரின் பிள்ளைகள் இதை ஒரு சட்டமாக எடுப்பார்கள், இடைக்கிடை மறந்து அம்மா என்பார்கள். ஸ்ரெல்லா மறக்கவே இல்லை. அன்று பின்னேரம் வீட்டில் அவளுக்குத் தலை வாரி இழுத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, எங்கட நேசறிக்குப் புது ரீச்சர் ஒராள் வந்திருக்கிறா."

முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு ஒன்றும் இல்லை.

"அப்பிடியோ? ஆள் எப்பிடி?"

"நல்லவ. ஆனா அவவுக்குச் சத்தம் வராது. பின்னுக்கு இருக்கிற எனக்குக் கேக்கேல்ல."

"ஏனாம்?"

"பயமாக்கும்."

"ஆருக்குப் பயம்?"

"பிலோ ரீச்சருக்கு. டிலக்சனுக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "டிலக்சன் கடிக்கிறவன் எல்லே."

அவளுக்கு நான் இரண்டு பேர்தான் என்று உண்மையாகவே நினைத்தாளா, விளையாட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இப்போது வவுனியாவில் படித்துக்கொண்டிருக்கிறாள். கேட்டால், "சும்மா கதை விடாதேங்கோ அம்மா" என்கிறாள். ஒன்றும் ஞாபகம் இல்லையாம்.

எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது. ஒவ்வொரு பின்னேரமும் ரீச்சரைப் பற்றிக் கேட்பேன். அவள் ஒளிக்காமல் சொல்லுவாள். பாட்டுப் பாடும்போது ரீச்சர் கூரையைப் பார்க்கிறாவாம். கதை சொல்லும்போது முடிவை அவசரமாகச் சொல்லி முடிக்கிறாவாம். "ரீச்சரின்ர கையும் உங்கட கை மாதிரி மீன் மணக்குது அம்மா" என்று ஒருநாள் சொன்னாள். நேசறிக்கு முன் விடியற்காலையில் நான் இன்னும் மீன் வெட்டப் போய்க்கொண்டிருந்தேன்; அன்றிலிருந்து வெட்டி முடிந்ததும் மணம் போகத் தேசிக்காய்ப் பாதியைக் கையில் தேய்த்துவிட்டுத்தான் போவேன்.

ஒருநாள் அவளிடமே சொல்லி அனுப்பினேன். "நாளைக்கு ரீச்சரிட்டச் சொல்லுங்கோ. பயப்பிடாமப் பாடட்டாம், அம்மா சொல்லச் சொன்னவ எண்டு."

மறுநாள் காலை எல்லாப் பிள்ளைகளுக்கும் நடுவில் என் முன்னால் வந்து நின்றாள். "ரீச்சர், எங்கட அம்மா சொல்லி விட்டவ. பயப்பிடாமப் பாடட்டாம்."

பிலோமினா அலுமாரிக் கதவுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "கொம்மா நல்ல மனிசி போல கிடக்கு. ஒருநாளைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோவன்" என்றாள்.

"அவ வரமாட்டா ரீச்சர்" என்றாள் ஸ்ரெல்லா. "அவ வெக்கப்படுவா."

வாடியில் இருந்து

நான் சின்ன வயதில் தாய் தகப்பனோடு படகில் இந்தியா போனவள். வளர்ந்தது, பத்தாம் வகுப்புப் படித்தது, கலியாணம் முடித்தது, ஸ்ரெல்லாவைப் பெற்றது எல்லாம் அங்கே அகதி முகாமில். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பலாம் என்று வந்தபோது தாயும் தகப்பனும் இல்லை. அவர்களின் காணி மட்டும் மன்னார் தீவில், தலைமன்னார் றோட்டில் இருந்து கடல் பக்கமாக இறங்கும் எங்கள் ஊரில் இருந்தது.

"நீ பிள்ளையோட முதல்ல போ. இந்த வேலைய முடிச்சிட்டு நான் பின்னாலயே வந்துர்றேன்" என்றார் ஸ்ரெல்லாவின் அப்பா. கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை அவருக்கு. முகாமிலேயே வளர்ந்ததால் அவருடைய பேச்சு முழுக்க அந்தப் பக்கத்துப் பேச்சாகிவிட்டது. நடக்கப் பழகின பிள்ளையோடும் ஒரு சூட்கேசோடும் நான் வந்து சேர்ந்தேன். அவர் பின்னால் வரவில்லை.

ஊரில் எனக்குக் கிடைத்த வேலை வாடியில். வாடி என்றால் கடற்கரையில் ஓலையால் போட்ட கொட்டில். அங்கே மீனை வெட்டி உப்புப் போட்டுக் கருவாடு காயவைப்பார்கள். நான் மீன் வெட்டுவேன். ஸ்ரெல்லா கவிழ்த்து வைத்த பெட்டிக்கு மேல் இருந்து காகம் கலைப்பாள். சாளை வருகிற காலத்தில் விடிய முதலே வேலை தொடங்கிவிடும். மீன் வெட்டுகிற பெண்கள் பகிடியும் பாட்டுமாகத்தான் இருப்பார்கள். அவர்களோடு இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. வாய் திறக்காமல் கையை மட்டும் ஆட்டினால் போதும்.

ஸ்ரெல்லாவை நேசறியில் விட வந்த அன்றைக்குத்தான் பிலோமினா என்னைப் பிடித்தாள்.

"றெஜினா, நீ பத்தாம் வகுப்புப் படிச்சனியெல்லே?"

"அது இந்தியாவில."

"அங்கயும் ஒண்டும் ஒண்டும் ரெண்டுதானே. எனக்கு உதவிக்கு ஆள் இல்லை. ரெண்டு வரியம் இரு, டிப்ளோமா எடு. கல்விக் கந்தோரால மாதாமாதம் கொடுப்பனவு வரும். மீன் முள்ளுக் குத்தாது."

"எனக்கு நாலு பேருக்கு முன்னால கதைக்க வராது அக்கா."

"பிள்ளையளுக்கு முன்னாலதான் கதைக்க வேணும். அதுகள் ஆக்களே?"

டிப்ளோமாவுக்கு இங்கத்தைய ஓ. எல். பரீட்சை வேண்டும் என்றார்கள். பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் வெள்ளை உடுப்புப் பிள்ளைகளோடு போய் எழுதினேன். முதல் நாள் வாசலில் நின்ற மாஸ்ரர் என்னைத் தடுத்து, "பிள்ளையளோட வந்தவை வெளியில நில்லுங்கோ அம்மா" என்றார். நான் பரீட்சைச் சுட்டெண்ணைக் காட்ட வெட்கப்பட்டு உண்மையிலேயே வெளியில் வந்து நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஒரு பெட்டைதான், "சேர், அவவும் எழுத வந்தவ" என்று சொல்லி என்னைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

கணக்கில் அருந்தப்பில் பாஸ். தமிழில் நல்ல புள்ளி.

கழுதைகளுக்குச் சொன்ன கதை

டிப்ளோமா வகுப்பு சனி ஞாயிறுகளில் மன்னார் பட்டணத்தில் நடந்தது. ஞாயிறு பூசை முடிந்த கையோடு பஸ் ஏறுவோம். ஸ்ரெல்லாவை விட்டுவிட்டு வர ஆள் இல்லாததால் அவளும் வருவாள். வகுப்பின் கடைசி வாங்குப் பலகைக்குக் கீழே என் பழைய சீலையை விரித்து அதில் படுத்துக்கொள்வாள். அங்கே இரண்டு மணித்தியாலம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கிடக்கும் பிள்ளையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

என் பக்கத்தில் இருந்தவள் பர்ஹானா. முசலிப் பக்கத்தில் இருந்து வருவாள். இடம்பெயர்ந்து வெளியூரில் வளர்ந்து, என்னைப் போல் ஊர் திரும்பின குடும்பம். எனக்கு இல்லாத வாய் முழுவதும் அவளுக்கு இருந்தது.

கதை சொல்லும் பாடத்தில் நான் எழும்பி நின்றால் என் சத்தம் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். முதல்முறை மேடம் எங்கள் நேசறிக்கு வந்து பார்த்தபோதும் அதுதான் நடந்தது. போகும்போது அவர் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. "நீங்கள் என்ன சொன்னீங்கள் எண்டு எனக்குத் தெரியாது. எனக்கு ஒண்டும் கேக்கேல்ல. கேக்காத பாடத்துக்கு நான் எப்பிடிப் புள்ளி போடுறது?" என்றார். இன்னொரு முறை வருவேன் என்றார்.

அந்தக் கிழமை பஸ் நிலையத்தில் பர்ஹானா என்னை விடவில்லை. மன்னார்ப் பட்டணத்தில் கழுதைகள் றோட்டில் மனிதர்களைப் போல் திரியும். பஸ்ஸுக்கும் வழி விடாது. அன்று ஒரு கூட்டம் நிழலுக்காகச் சுவர் ஓரமாக நின்றது.

"இதுகளுக்கு உன்ட கதையைச் சொல்லு புள்ள" என்றாள் பர்ஹானா. "ஓடாம நிண்டா நீ பாஸ்."

"ஆக்கள் பாக்கினம்."

"ஆக்கள் கழுதையத்தான் பாப்பாங்க. நீ சொல்லு."

நான் ஸ்ரெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு தொடங்கினேன். ஒரு நண்டு தன் வளையை விட்டுவிட்டு நேராக நடக்கப் பழகப் போன கதை. நானாகக் கட்டின கதைதான். முதல் வரிக்கே ஒரு கழுதை திரும்பி அடுத்த பக்கம் பார்த்தது.

"பாத்தியா, அதுக்கும் கேக்கல்ல. சத்தமா!"

சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் கச்சான் கடலை விற்றுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நண்டு நேராக நடக்கப் போய் விழுந்த இடத்தில் ஸ்ரெல்லா சிரித்தாள். கழுதைகள் ஓடவில்லை. ஓட இடமும் இல்லை, பின்னால் சுவர்.

"மாஷா அல்லாஹ், பாஸ்!" என்று பர்ஹானா கைதட்டினாள்.

பஸ்ஸில் வரும்போது ஸ்ரெல்லா என் காதுக்குள் கேட்டாள்: "அம்மா, இந்தக் கதையை எங்கட ரீச்சருக்கும் சொல்லிக் குடுப்பீங்களோ?"

வீட்டுச் செய்தி

எங்கள் நேசறியில் காலைச் செபம் முடிந்ததும் வீட்டுச் செய்தி. ஒவ்வொரு பிள்ளையும் நேற்று வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பூனை குட்டி போட்டது, அப்பாவின் வலையில் பெரிய திருக்கை பட்டது, அக்காவுக்குப் பல் விழுந்தது. இவையோடு நின்றால் பரவாயில்லை. மாமா குடித்துவிட்டுக் கிணற்றடியில் படுத்தது, பக்கத்து வீட்டாரோடு அம்மம்மா கோழிக்காகச் சண்டை பிடித்தது எல்லாம் அந்த வட்டத்துக்கு வந்து சேரும்.

"இந்த ஊரில ஒரு வீட்டுக்கும் வேலி தேவையில்லை. நேசறி இருக்கு" என்பாள் பிலோமினா.

அதற்கு ரீச்சர் செய்ய வேண்டியதை டிப்ளோமா வகுப்பில் எங்களுக்குத் தெளிவாகச் சொல்லித் தந்திருந்தார்கள். பிள்ளை என்ன சொன்னாலும் சிரிக்கக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. பிள்ளை சொன்னதை ரீச்சர் எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக ஒரு முழு வசனமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு கேள்வி கேட்க வேண்டும். ரீச்சர் எடுக்காமல் விட்ட செய்தியைச் சொன்ன பிள்ளை அடுத்த முறை கை உயர்த்தாது என்பார்கள்.

ஆகவே மாமா கிணற்றடியில் படுத்ததையும் நான் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். சின்னச் சத்தத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமைப் போன்

ஸ்ரெல்லாவின் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பார். நாங்கள் பட்டணத்தால் வந்து, வெயில் சாய்ந்த பிறகு, இழுத்து வைத்த வள்ளங்களின் பக்கம் போய் நிற்போம். வீட்டில் சிக்னல் வராது. அங்கே நல்லாக வரும். சில நேரம் இந்தியாவின் சிக்னலே வந்துவிடும். அலை, ஈரக் கயிற்றின் மணம், கன்னத்தோடு ஒட்டின போனின் சூடு. அவரின் சத்தம் பக்கத்து வீட்டில் இருந்து வருவது போல் இருக்கும்.

ஊர்ப் புதினம் கேட்பார். காற்று எப்படி என்பார். நான் கடைசியில் ஒன்றைத்தான் கேட்பேன்.

"எப்ப வாறீங்கள்?"

"வேல முடியட்டும்."

ஒவ்வொரு கிழமையும் இதுதான். நான் டிப்ளோமா படிப்பதை அவருக்கு ஒருமுறை சொல்லப் பார்த்தேன். "நீயா? நாலு பேரு முன்னாடி வாயே தொறக்க மாட்டியே" என்று சிரித்தார். அவர் சொன்னதில் பிழையும் இல்லை. அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. மீன் வெட்ட மட்டும் போகிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

நான் கதைத்து முடிந்ததும் போனை ஸ்ரெல்லாவிடம் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் அப்பால் போய்விடுவேன். தகப்பனும் மகளும் கதைக்கட்டும் என்று. வள்ளத்தின் நிழலில் அவள் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டுவது தெரியும். தலையை ஆட்டினால் போனில் தெரியாது என்று எத்தனை முறை சொல்லியும் ஆட்டுவாள்.

சத்தமாக ஒரு வசனம்

இனி மேடம் மஞ்சள் கதிரையில் இருந்த காலைக்கு வருகிறேன்.

"சொல்லுங்கோ ஸ்ரெல்லா" என்றேன்.

"ரீச்சர், எங்கட அப்பா இருக்கிறார் எல்லே. அவர் இந்தியாவில இருக்கிறவர்."

"ஓம்."

"அவர் வரமாட்டாராம்."

கூரையில் மணல் விழுந்தது. அவள் இன்னும் முடிக்கவில்லை.

"போனில சொன்னவர். அங்க அப்பாவுக்கு வேற வீடு இருக்காம். அந்த வீட்டில ஒரு தம்பிப் பாப்பாவும் இருக்காம். இனி இஞ்ச வரமாட்டாராம். அம்மாகிட்ட சொல்லக் கூடாது கண்ணுன்னு சொன்னவர்." அந்த ஒரு வரியை மட்டும் அவரைப் போலவே சொன்னாள். "அதுதான் நான் அம்மாட்டச் சொல்லேல்ல. நீங்க சொல்லுங்கோ ரீச்சர். அம்மா ஒவ்வொரு ஞாயிறும் கேட்டுக் கேட்டு நிக்கிறா. பாவம்."

வேலிக்கு வெளியே அன்றைக்குப் பயறு அவிக்க வந்திருந்த இரண்டு தாய்மார் நின்றார்கள். அகப்பைச் சத்தம் நின்றுவிட்டது. பிலோமினா கதவடியில் இருந்து ஓரடி முன்னுக்கு வந்தாள்.

"ரீச்சர், நான் பாட்டைத் தொடங்கட்டோ?"

அவள் என்னைக் காப்பாற்றத்தான் கேட்டாள். பாட்டைத் தொடங்கியிருந்தால் நான் வெளியே போய்க் கிணற்றடியில் நின்று அழுதுவிட்டு வந்திருக்கலாம். மேடம் இந்த முறையும் என் சத்தத்தைக் கேட்காமல் எழுதிக்கொண்டு போயிருப்பார்.

ஸ்ரெல்லா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். எத்தனை கிழமை அதை வைத்துக்கொண்டு திரிந்தாளோ தெரியாது. வீட்டில் என்னோடு ஒரே பாயில் படுத்துக்கொண்டு, ஒரே கோப்பையில் சாப்பிட்டுக்கொண்டு. சொல்ல ஒரு ஆள் கிடைத்ததும் கை உயர்த்தியிருக்கிறாள். அந்த ஆள் பேசாமல் நின்றால் அவள் இனி யாரிடம் போவாள்?

பிலோமினாவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று.

"ஸ்ரெல்லாவின்ர அப்பா" என்று தொடங்கினேன். காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. எனக்கே கேட்கவில்லை. மூச்சை இழுத்து விட்டுத் திரும்பவும் சொன்னேன்.

"ஸ்ரெல்லாவின்ர அப்பா இந்தியாவில இருக்கிறார். அங்க அவருக்கு வேற ஒரு வீடு இருக்கு. அவர் இனி இஞ்ச வரமாட்டார். ஸ்ரெல்லா அதை ரீச்சரிட்டச் சொல்லியிருக்கிறா."

என் வாயில் இருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நடுங்கவும் இல்லை. இனி ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

"ஸ்ரெல்லாவுக்குக் கவலையோ?"

யோசித்தாள். "கொஞ்சம். அம்மாவுக்குத்தான் கனக்க இருக்கும்."

"சரி. அம்மாட்ட நான் சொல்லுறன். இனி அது ரீச்சரின்ர வேலை. உங்கட வேலை இல்லை. நீங்க இருங்கோ."

அவள் இருந்தாள். பக்கத்துப் பிள்ளையின் ரிபனை எடுத்து விரலில் சுற்றத் தொடங்கினாள்.

உடனே டிலக்சன் எழும்பினான். "ரீச்சர், எங்கட அப்பாவும் மூண்டு நாள் வரேல்ல. பிறகு வந்தவர். மீன் ஒண்டும் இல்லை."

"டிலக்சனின்ர அப்பா மூண்டு நாள் கடலில நிண்டு திரும்பி வந்திருக்கிறார். மீன் ஒண்டும் படேல்ல" என்று அதையும் அதே சத்தத்தில் சொன்னேன். "அப்பாவுக்கு நீங்க என்ன குடுத்தனீங்கள்?"

"தேத்தண்ணி."

பிறகு நண்டின் கதையைச் சொன்னேன். அவசரப்படாமல் சொன்னேன். நண்டு விழுந்த இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். வேலிக்கு வெளியே அகப்பைச் சத்தம் திரும்பவும் தொடங்கியிருந்தது.

பிள்ளைகள் பயறு தின்னப் போனதும் மேடம் கதிரையில் இருந்து கஷ்டப்பட்டு எழும்பினார். சீலையைத் தட்டிவிட்டார்.

"எனக்குக் கேட்டது" என்றார். அவ்வளவுதான், புள்ளியைப் பற்றி. குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"அந்தப் பிள்ளையின்ர தாயைத் தெரியுமோ?"

"ஓம் மேடம்."

"ஒருக்காக் கூப்பிட்டுக் கதையுங்கோ. அந்த மனிசியைத் தனிய விடாதேங்கோ. இப்பிடியான நேரத்தில ஊர் ஆயிரம் கதைக்கும். பிள்ளைக்கு ஒண்டும் இல்லை, பிள்ளை நல்ல கெட்டிக்காரி. தாய்தான் பாவம்."

"கதைக்கிறன் மேடம்."

அவரின் ஓட்டோ றோட்டுக்கு ஏறும்வரை பிலோமினா வாசலில் நின்று பார்த்தாள். பிறகு, "அந்தத் தாய் சரியான வெக்கம் பிடிச்சவ எண்டு மேடத்துக்குச் சொல்லியிருக்கலாம்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவள் பாயில் குந்தியிருந்து அழத் தொடங்கிவிட்டாள். அன்று காலை அழுதது அவள்தான். நான் அவளின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

வெளியில் வந்ததும்

மத்தியானம் படலையைத் தாண்டினதும் ஸ்ரெல்லா என் கையைப் பிடித்தாள். கொஞ்சத் தூரம் மணலில் நடந்தோம்.

"அம்மா, ரீச்சர் உங்களிட்ட ஏதும் சொன்னவவோ?"

"ஓம். சொன்னவ."

"அழுதனீங்களோ?"

"இன்னும் இல்லை."

"நான் உங்களிட்டச் சொல்லேல்ல என்ன. ரீச்சரிட்டத்தான் சொன்னனான்."

"தெரியும் பிள்ளை. நீங்க சொல்லேல்ல."

அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பெரிய ஆட்களுக்கே சொல்ல முடியாத ஒன்றை ஒரு சின்னப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டார். அவருக்கும் அதை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டியிருந்திருக்கும்.

அந்தக் கிழமை நான் அழுதேன்தான். வாடியில், மீன் வெட்டுகிற பெண்களுக்கு நடுவில். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வேலிக்கு வெளியே பயறு அவித்தவர்கள் எல்லாருக்கும் சொல்லியிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் என் பங்கு மீனில் பாதியைத் தன் பக்கம் இழுத்து வெட்டினாள். அதுதான் நான் வாடியில் இருந்த கடைசிக் கிழமை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் வள்ளங்களின் பக்கம் போனோம். அவர் எடுத்தார். பூசை பற்றிக் கேட்டார். காற்றைப் பற்றிக் கேட்டார். நான் பதில் சொன்னேன். பிறகு, நான் வழக்கமாக அந்தக் கேள்வியைக் கேட்கிற இடம் வந்தது. கேட்கவில்லை.

"அப்புறம்?" என்றார். "வேற ஒண்ணும் கேக்கலியா?"

"இல்லை. ஸ்ரெல்லா நிக்கிறா. குடுக்கிறன்."

ஸ்ரெல்லா இரண்டு கையாலும் போனைப் பிடித்தாள்.

"அப்பா, ரீச்சர் அம்மாட்டச் சொல்லிட்டா. நான் சொல்லேல்ல."

அவர் ஏதோ சொன்னார். கனநேரம் சொன்னார். அவள் கேட்டுக் கேட்டுத் தலையை ஆட்டினாள். பிறகு போனை என் பக்கம் நீட்டினாள்.

"அம்மா, அப்பா கேக்கிறார், ஆர் அந்த ரீச்சர் எண்டு."

நான் போனை வாங்கினேன்.

"நான்தான்" என்றேன்.